கூடை கழி

முதலில் அச்சாவது எழுத்து.
கறுப்பில், கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி.
அதன்மேல் பொத்தான்களின் நீலம்,
நீலத்தின்மேல் சாம்பல்,
எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரு வெள்ளை.
காய்ந்தபின் படத்தைத் திருப்பினால்
கடைசியாக வந்தது அடியில் கிடக்கும்,
முதலில் வந்தது முகமாகும்.
இடையில் நூற்றியெண்பது மைக்ரான் பாலியெஸ்டர்.
எந்த விரலும் மையைத் தொட முடியாது.

செம்மண்டலம் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்.
பக்கத்தில் முறுக்குக் கம்பெனி;
எண்ணெய் ஆவி படத்தில் படியுமென்று
அந்தப் பக்க ஜன்னலை ஆணியடித்துவிட்டோம்.
நான் கணினியில் கோடு போடுகிறவன்.
ஸ்கிரீனில் மையை இழுப்பது தையல்நாயகி.
"இந்த ப ஒண்ணுதான் யோக்கியம்,
எப்படித் திருப்பினாலும் அதே மூஞ்சி" என்பாள்.

ஹபீப் மரைக்காயர் மீன் தராசுக்கு முகம் கேட்டார்.
ஐந்நூறு.
ஐந்து பொத்தான், சிவப்பு எண்களுக்கு ஒரு ஜன்னல்.
ஒல்லி எழுத்தில் டேர் என்று போட்டேன்.
மேடு பள்ளம் இல்லாமல் ஏரித்தண்ணீர்போல ஒரே மட்டம்.
அழகாக இருப்பதாக
நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் ஒன்பது தராசு திரும்பி வந்தன.
எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை.
உப்புநீர் உள்ளே போய்
வெள்ளித் தடங்கள் கறுத்துக் கிடந்தன.
எழுத்து மட்டும் நேற்று அச்சடித்தது போல:
கிழிசலுக்கு இக்கரையில் டே
அக்கரையில் ர்.

விடிகாலை நாலரைக்கு முதுநகர் துறைமுகம்.
தூரத்தில் ஒரு கம்பத்தில் மட்டும் விளக்கு.
அஞ்சலாட்சி வெறுங்கூடையைத் தராசில் வைத்தாள்.
இரண்டு கையிலும் சங்கரா வழவழப்பு.
கத்தியைத் திருப்பி
அதன் பிடியால் ஒரு குத்து.
பூஜ்யம் வந்தது. மீனைக் கொட்டினாள்.

ஏன் விரலால் அழுத்தவில்லை என்றேன்.

"எங்க அழுத்தறது?
எல்லாம் ஒரே பலகையாட்டம் கெடக்கு.
கூடை கழி எது, கணக்கு அழி எது,
இருட்டுல யாருக்குத் தெரியுது?
குத்திப் பாப்பேன். அது இல்லன்னா பக்கத்துல குத்துவேன்.
நீ யாரு, தராசு கம்பெனியா?"

இல்லை, அதன்மேல் இருக்கிற படம் மட்டும்.

"ஸ்டிக்கரா?"

எட்டு வருடமாக
வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் மறுத்துவந்த சொல்.
ஸ்டிக்கர்தான் என்றேன்.

கூடை கழி.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது அது வலது மூலையில், தனியே,
கட்டைவிரல் அகலம், மஞ்சள்.
சுற்றிலும் அச்சில் வைத்து அழுத்தி எழுப்பிய வரப்பு.
படம் இருநூற்றைம்பது மைக்ரான்.
"தமிழ்ல போட்டா ஆந்திராவுக்கு எப்படி அனுப்பறது?"
மரைக்காயர் கேட்டது நியாயம்தான்.
ஐம்பதுக்கு மட்டும் தமிழ்,
மீதிக்கு ஒரு கூடைப் படம் என்று முடிந்தது.

ஐப்பசி மழை. மை காயவில்லை.
ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு
தையல்நாயகி அந்த ஐம்பதையும் இழுத்தாள்.
ஈர எழுத்தைக் குனிந்து பார்த்தேன்.
கூடை என்று நேராக எழுதினால்
ஐகாரக் கொம்பு டவுக்கு முன்னால் நிற்கும்.
இங்கே, முதுகுப்பக்கத்தில் மட்டும்,
ட முதலில், கொம்பு பின்னால்,
வாயில் வருகிற வரிசையிலேயே.
இதைச் சொன்னபோது அவள்
"நகருங்க, நிழல் விழுது" என்றாள்.

தை பிறந்து மரைக்காயர் போன் செய்தார்.
வரப்பு நன்றாகத் தட்டுப்படுகிறதாம்.
அஞ்சலாட்சி இடது பெருவிரலால் அதைத் தடவி
இடம் பார்த்துக்கொண்டு
பிறகு கத்திப்பிடியால்தான் குத்துகிறாளாம்.

கிழியவில்லை, இதுவரை.