சைக்கில் சைக்கிள்

"எங்கே இருக்கே?"
"சைக்கில்."
"ஓட்டிக்கிட்டே பேசாதே" என்று
ரூவியிலிருந்து வைத்துவிட்டார் வீட்டுக்காரர்.

ஊரின் பெயரே அதுதான். சைக்.
கடலுக்கு மேல் ஆறாயிரத்துச் சொச்சம் அடி.
சுகாதார மையத்தில் ஆள் குறைவென்று
பதினான்கு நாளுக்கு என்னை அனுப்பினார்கள்.
சைக்கிளும் வந்தது,
ஆக்சிஜன் உருளைகளுக்கு நடுவே
பிக்கப்பின் முதுகில் மல்லாந்து.
அடிவாரச் சாவடியில் போர்வையை விலக்கிய போலீஸ்காரர்
நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குத்தான் அனுமதி,
இதில் இரண்டு குறைகிறதே என்று சிரித்தார்.

போட்டிக்கு ஐந்து வாரம்.
ஆயிரத்தைந்நூறு மீட்டர் நீந்தி
நாற்பது கிலோமீட்டர் மிதித்து
பத்து ஓட வேண்டும்.
அட்டவணை போட்டவர் ரோடெல்,
மஸ்கட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் பிலிப்பினோக்காரர்.
மலை என்றொரு சொல் அதில் இல்லை.

முதல் விடியல்.
பேச முடிகிற வேகத்தில் நாற்பது நிமிடம்
என்றிருந்தது.
ஒன்பதாவது நிமிடத்தில்
என் பெயரே மூன்று துண்டாக வந்தது.
ஸ்டெ. னி. லா.
ஜூனிபர் மரத்தைப் பிடித்து நின்றேன்.
ஆடு ஒன்று மெல்வதை நிறுத்தி
என்னைப் பார்த்தது,
பிறகு மென்றது.

பணிக்கு வந்ததும் நோயாளியின் விரல்கவ்வியை
என் விரலில் மாட்டிக்கொண்டேன்.
தொண்ணூற்றிரண்டு.
"கட்டில் காலி, படுக்கிறாயா?" என்றாள் ஸுவைனா,
ஊசி எண்ணுவதை நிறுத்தாமல்.
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
ஒண்ணுமில்ல, மெதுவா மூச்சு விடுங்க.
அதில் இரண்டு சொல் பொய்யென்று
இப்போதுதான் தெரிகிறது.

நீச்சலுக்கு வழியில்லை.
விடுதியில் குளம் உண்டு,
ஓர் இரவுக்கு என் பாதிச் சம்பளம்.
பாசனத் தொட்டியில் இறங்கினால்
மாதுளைக்காரர்கள் என்னை உருட்டிவிடுவார்கள், நியாயமாகவே.
கட்டில் காலில் ரப்பர் பட்டை கட்டி
பெஞ்சில் குப்புறக் கிடந்து
காற்றைக் காற்றைப் பின்னுக்குத் தள்ளினேன்.
தேநீரோடு வந்த ஸுவைனா கேட்டாள்,
எதுவரை போய்விட்டாய்?
இன்னும் குரும் தாண்டவில்லை.

வாளித் தண்ணீரில் முகம் அமிழ்த்தி எண்ணினேன்.
கீழே நாற்பது வரும்.
இங்கே பதினேழு.

ரோடெலின் குரல் வந்தது கைபேசியில்:
"கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் போடு.
உன் இதயம் என்ன..."
மீதியை விமானம் தின்றுவிட்டது.
போட்டேன்.

அதன்பின் மிதித்தேன், வாதாம் பூத்த வளைவுகளில்,
எவ்வளவு தூரமென்று தெரியாமல்.
குளிரில் மூக்கு ஒழுக,
கையுறைக்குப் பதில் மருத்துவமனைச் சாக்ஸ்.

ஒன்பதாம் இரவு அழைப்பு.
கீழ் ஊரில் ஒரு பையன், இழுப்பு.
வண்டி போகாது. முந்நூறு படி.
பையோடு ஓடினேன், ஓட்டம் எனக்குத் தெரியும் என்ற
சின்னக் கர்வத்தோடு.
ஓட்டுநர் தாத் கரீம், பலூச்சி, ஐம்பத்தைந்து வயது,
ரப்பர் செருப்பு, தோளில் உருளை,
ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி
என்னை முந்திப் போனார்.
ஏறும்போது மறு தோளில் பையன்.
நான் விளக்கைப் பிடித்து வந்தேன், அவ்வளவே.

எண்பத்தாறு. எண்பத்தொன்பது.
தொண்ணூற்றிரண்டு வந்தபோது
பையன் பிஸ்கட் கேட்டான்.

இறங்கும் வழியெல்லாம் காது அடைத்துத் திறந்தது.
மறுநாள் அசைபாக் கடற்கரையில்
முதல் வீச்சிலேயே தண்ணீர் எதிர்த்துத் தள்ளியது.
பதினான்கு நாளாய் ஒன்றும் அகப்படாத உள்ளங்கையில்
கனம்.
எவ்வளவு நேரம் நீந்தினேனோ.
கரையேறி மணிக்கட்டைப் பார்த்தேன், வெறும் வெள்ளைத் தடம்.

"கடிகாரத்தை எங்கே விட்டே?"
"சைக்கில்."
அவர் கீழே போய்
இருக்கைப் பையைத் துழாவிக்கொண்டிருக்கிறார்.