இர்மா இருக்கிறாள்

நாலாவது வருசமாக வருகிறான் தர்சிகன்,
காப்புறுதிக் கம்பனிப் பிள்ளை,
மாங்குளத்திலிருந்து மோட்டார்சைக்கிளில்
ஒழுங்கை முழுக்கத் தூசி கிளப்பி.
தலைக்கவசம் கழற்ற முன்னமே சொல்கிறான்:
"அக்கா, இந்த முறையும் கூடீற்றுது."

போன வருசம் முப்பத்தெட்டாயிரம்.
அதற்கு முதல் இருபத்திரண்டு.
இப்போது எழுபத்தோராயிரத்து ஐந்நூறு,
முத்திரைச் செலவு புறம்பு.
ஏனெண்டால் அவளுக்குப் பன்னிரண்டு நடக்குது,
ஏனெண்டால் அவள் சாதிநாய்.
"ஊர்நாய் எண்டால் இவ்வளவு வராதக்கா.
ஊர்நாய்க்கு நாங்கள் செய்யிறதுமில்லை."

பால்சபையில் கணக்கு எழுதுகிறேன்.
எழுபத்தொன்று என்பது எனக்கு இரண்டு மாதம்,
ஒரு வாய் சோறும் தின்னாமல்.

பத்திரங்களை மேசையில் விரிக்கிறேன்.
அவளுடையதில்
தாய், தாயின் தாய், தகப்பன் வழியில் ஐந்து தலைமுறை,
பிறந்த நேரம் காலை நாலு பத்து,
ஏதோ ஒரு பனிநாட்டு மலையடிவாரத்து முத்திரை.
பக்கத்தில் என்னுடையது:
உத்தேச வயதுச் சான்றிதழ்.
அப்பாவின் பெயருக்கு நேரே சின்னதாய் ஒரு கோடு.
மிச்சம் இருந்த பெட்டி
வட்டுவாகலில் தண்ணீருக்குள் போனது.

ஏழு வருசம் ஒரே கயிற்றின்
இரண்டு நுனியில் நின்றோம், அவளும் நானும்.
இந்தப் பக்கம் வெள்ளைத் தடி,
அந்தப் பக்கம் சிவப்பு.
அப்போது அவளின் மூக்கு
என்னுடைய இரண்டு காலையும்விட விலை.
எனக்கும் ஒரு அட்டவணை தந்திருந்தார்கள்:
முழங்காலுக்குக் கீழே இத்தனை வீதம்,
மேலே இத்தனை,
கட்டைவிரலுக்குத் தனி வரி.
இரவில் படுத்தபடி என்னைக் கூட்டிப் பார்ப்பேன்.
ஒருநாளும் நூறு வரவில்லை.

தர்சிகன் கீழ்ப்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசிக்கிறான்.
இடுப்பு சேராது. கண்புரை சேராது.
பல், காது, முன்னமே இருந்த வருத்தம்,
தொழிலால் வந்த தேய்மானம்
எதுவும் சேராது.
"அப்ப என்னதான் சேரும்?"
யோசிக்கிறான். நல்ல பிள்ளை, பொய் வராது.
"வாகனம் அடிச்சால் முழுக்க, அக்கா.
பாம்பு கடிச்சால் அரைவாசி."

வவுனியா மிருக வைத்தியரின் ஊசி
ஒன்று நாலாயிரத்து எண்ணூறு, மாதம் இரண்டு.
வான்காரன் நாய்க்கும் ஒரு ஆள் காசு எடுப்பான்.
எடுத்தபிறகு
அவளைக் காலடியில் வைக்கச் சொல்வான்.

"வேண்டாம் தம்பி" என்றேன்.
படிவத்தை மடித்தான், எழும்பினான்,
தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கொண்டுபோய்க்
குசினி வாசலில் வைத்தான்.
முற்றத்தில் இறங்கினான்.

அவனுக்குப் பின்னால் இர்மா எழும்பினாள்.
நாலு காலுக்கும் நாலு தனித்தனி யோசனை.
மூக்கை நிலத்தில் வைத்துப்
படலை வரைக்கும் கோடு கிழித்தாற்போல் போய்
அவனை முந்தி,
நின்று,
மண்ணைப் பார்த்து,
இருந்தாள்.

வேலைக்காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்.
இப்போது எனக்கும் தெரிவதில்லை,
இருப்பது மண்ணுக்குள்ளா, இடுப்புக்குள்ளா.

தர்சிகனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.
விசுவமடுவில் பிறந்த பிள்ளை.
தூக்கிய வலது காலைத்
தூக்கியபடியே வைத்திருக்கிறான்,
கோப்பு நெஞ்சோடு.

"இடுப்புத்தான் தம்பி" என்கிறேன்,
சிரிக்கவும் செய்கிறேன்.
என் கை கதவுக்குப் பின்னால்
தடி தேடிக்கொண்டிருக்கிறது.

ஒற்றைக் காலில் நின்றபடி அவன் கேட்கிறான்:
"வடிவாத் தெரியுமோ அக்கா?"

இர்மா திரும்பி என்னைப் பார்க்கிறாள்,
நாக்கு வெளியே,
காது நேரே.
சரியாகச் செய்தால் கிடைக்கும்
அந்தச் சிவப்புப் பந்து எங்கே என்று.