பையைப் பிழியாதே

செல்யேயிலிருந்து ஜாலெட்ஸுக்கு
நாளைக்கு எட்டு நடை பஸ் ஓட்டுகிறேன்.
சாலையின் இருமருங்கும்
கம்பியேறிய ஹாப்ஸ் கொடிகள், நாலாள் உயரம்.
ஆகஸ்ட் கடைசியில் அறுப்பு நடக்கும்போது
ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி
பயணிகளே கேட்பார்கள்.
அந்த வாசனைக்கு ஒரு மூடி போட முடியுமா என்றுதான்
எங்கள் அடுக்ககத்து நிலவறையில்,
துணி துவைக்கிற இடத்தில்,
முப்பது லிட்டர் வாளியோடு தொடங்கினேன்.

கொதிக்கிற மால்ட் நீரில் போட்டால்
ஹாப்ஸ் நமக்குக் கசப்பைத் தந்துவிட்டு
வாசனையை ஆவிக்குக் கொடுத்துவிடும்.
ஆறிய பீரில்,
ஈஸ்ட் தின்று முடித்து ஓய்ந்தபின் போட்டால்
வாசனை நமக்கு;
கசப்பைத் தன் மடியிலேயே முடிந்துகொள்ளும்.
அப்படித்தான் சொன்னார் போகோமிர்,
மேல்வீட்டுக்காரர், கொதிகலன் பழுது பார்ப்பவர்.
எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

தீயணைப்புச் சங்கத்தின் கோடை விழாவுக்கு
இருபது லிட்டர் ஒத்துக்கொண்டிருந்தேன்.
செவ்வாய் இரவு
மஸ்லின் பையில் நூறு கிராம் அவுரோரா,
கனத்துக்கு இரண்டு எவர்சில்வர் கரண்டி,
கொதிநீரில் குளிப்பாட்டி இறக்கினேன்.
புதன் விடிகாலை
வலது விலாவுக்குக் கீழே
யாரோ ஒரு பஸ்ஸைத் திருப்பினார்கள்.

மருத்துவமனையில் பதினோரு நாள்.
பித்தப்பையை எடுத்துவிட்டு
உள்ளிருந்த கற்களைப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள்.
ஒன்பது. மிளகு அளவு.
வீடு திரும்பி வாளியைத் திறந்தால்
என் பித்தம் அங்கே உட்கார்ந்திருந்தது.

கசப்பென்றால் சகித்திருப்பேன்.
கசப்பு நேராக வரும், சொல்லிவிட்டுப் போகும்.
இது துவர்ப்பு.
நாக்கின் ஓரங்களை உள்ளே இழுத்து
முடிச்சுப் போட்டது.
தொண்டையில் பச்சைப்புல் சாறு,
அதற்கும் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி.
ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள்.
நான் ஆறவும் பொறுத்தேன்,
ஆறிய பிறகும் பொறுத்தேன்,
மயக்க மருந்தில் கிடந்தும் பொறுத்தேன்.

போகோமிர் ஒரு கோப்பை முழுதும் குடித்தார்.
"புல்வெட்டி இயந்திரத்தை நக்கினாற்போல் இருக்கு."
சொல்லிவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார்.
விழாவில் கடை பீர் ஊற்றினார்கள்.
சங்கத் தலைவி ஸ்லாவிட்சா என்னிடம்
ஆபரேஷன் பற்றி மட்டும் விசாரித்தாள்.
அது இன்னும் துவர்த்தது.

இந்த முறை அறுபது கிராம்.
கொதியில் போடுவதையும் பாதியாக்கிவிட்டேன்.
வாளி குளிர்ந்த சுவரோடு ஒட்டி நிற்கிறது.
மூன்று நாள், ஒரு மணி கூடுதலில்லை.
பஸ்ஸில், நேர அட்டவணைக்குப் பக்கத்தில்
எழுதி ஒட்டியிருக்கிறேன்:
வெள்ளி, இரவு 7.40, பை.
ஏறுகிறவர்கள் படித்துவிட்டு
அப்படியொரு நிறுத்தம் எங்கே என்கிறார்கள்.

கடைசி நடை முடித்துச் சீருடையோடு இறங்குகிறேன்.
நூலைப் பிடித்து இழுக்க
நனைந்த பூனைபோல் கனத்து ஏறிவருகிறது பை.
அதற்குள் அரை லிட்டராவது இருக்கும், நல்ல பீர்.
இரண்டு கையும் தாமாக முறுக்கப் பார்க்கின்றன.
பக்கத்திலேயே துணி அலசும் தொட்டி,
இருபது வருடப் பழக்கம்.
பிழிந்தால் பீர் மட்டுமா வரும்?
பூவின் எலும்பில் ஒட்டியிருப்பதும் வரும்.

சும்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
சொட்டுவது சொட்டட்டும்.
தோள் வலிக்கிறது,
தையல் போட்ட இடம் லேசாக இழுக்கிறது.
படிக்கட்டில் போகோமிரின் செருப்புச் சத்தம்.
கையில் கோப்பை இருக்கும்.
இன்னும் இரண்டு வாரம் என்று சொல்லப்போகிறேன்.
நம்பமாட்டார்.