முழங்கை உயரம்

காக்கி புக்கிட்டில் ஐந்தாவது மாடி.
காக்கி என்றால் மலாயில் கால்,
ஹஸ்லிண்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
குன்றின் கால்.
பத்து மணி நேரம் நிற்பவர்களுக்குப்
பொருத்தமான பேட்டைதான்.

நாடா, குறிப்பேடு, கோணமானியோடு
நான் உள்ளே போன அன்று
தையற்காரி வந்திருக்கிறாள் என்று சிரித்தார்கள்.
மறுக்கவில்லை.
மேசைக்கு ஆளை வெட்டியது போதும்,
ஆளுக்கு மேசை வெட்டலாம் என்று வந்தவள் நான்.

பழைய மேசை நூற்றுப் பத்து சென்டிமீட்டர்.
எங்கோ யாரோ ஒரு நெடியவனின்
முழங்கைக்கு அளவெடுத்தது.
கப்பலேறி வந்து இங்கே
தரையோடு இறுகிவிட்டது.
அவனை இவர்கள் பார்த்ததில்லை.
பதினெட்டு வருஷமாக
அவனுடைய தோளைத்தான்
தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

குவீ எங், தொண்ணூற்று நான்கு.
இரண்டு அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கி
அதன்மேல் நிற்கிறாள்.
ஹஸ்லிண்டா, நூற்று மூன்று.
திருப்புளியின் பிடியில்
பழைய துடோங் துணியைச் சுற்றி வைத்திருக்கிறாள்.
அமிர்தவல்லி, தொண்ணூற்றிரண்டு. இடக்கை.
விடியுமுன் ஜொகூரில் கிளம்பிப் பாலம் கடந்து வருகிறவள்.
திருகாணிக் கிண்ணங்கள் எல்லாம் வலப்பக்கம்.
நாளுக்கு நானூற்று எண்பது பலகை,
பலகைக்கு ஆறு திருகாணி,
ஒவ்வொன்றுக்கும் மார்பைக் கடந்து போய்வரும் ஒரு கை.
பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்காமலே இருந்திருக்கலாம்.

இருபத்திரண்டு பேரையும் கூட்டி வகுத்தால்
தொண்ணூற்றேழு.
தொண்ணூற்றேழில்
ஒரு முழங்கைகூட இல்லை அந்த மாடியில்.

வலிக்கிறதா என்றால் ஓகே லா.
ஒன்றிலிருந்து பத்துக்குள் வட்டமிடச் சொன்ன படிவத்தில்
எல்லாரும் மூன்று.
மூன்று என்றால் யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள்.
கோடாலித் தைலத்தின் வாசம் மட்டும்
படிவம் நிரப்பத் தெரியாமல்
உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அட்டை, துணி, ரப்பர் பட்டை.
எனக்கு முன்பே வடிவமைத்துவிட்டார்கள்.
நான் செய்தது எஃகில் ஒரு நகல்:
கைப்பிடி சுழற்றினால் ஏறி இறங்கும் கால்கள்,
எந்தப் பக்கமும் மாட்டக்கூடிய சாய்ந்த கிண்ணங்கள்,
விட்டதும் தானே மேலே போய்க் காத்திருக்கும்
சுருள்வில் திருப்புளி.

எத்தனை விநாடி மிச்சம் என்றார் திரு குவெக்.
தோள்களைப் பற்றி எழுதிய பதினோரு பக்கங்களைத் தள்ளிவிட்டுக்
கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
திருகாணிக்கு ஒன்று புள்ளி இரண்டு.
கையெழுத்திட்டார்.

மூன்றாம் மாதம்
நானூற்று எண்பது
ஐந்நூற்று முப்பத்தேழானது.
நான் மிச்சம்பிடித்த விநாடிகள்தாம்.
சில்லறையைக்கூட விடவில்லை.

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொண்டு
ஷிப்ட் மாறும் ஏழு மணிக்குப் போனேன்.
மேசைக்காலில் கோடுகள்.
சிவப்பு நகப்பூச்சு குவீ எங்.
ஊதா ஹஸ்லிண்டா.
பச்சை, பெயர் தெரியாத இரவுக்காரி.
எல்லாவற்றுக்கும் கீழே பேனா மையில் ஒன்று,
அழிய அழிய மேலேயே மறுபடி போட்டது.

"இப்பத் தோளு வலிக்கல மிஸ்.
மணிக்கட்டுதான்."
மழை வரும் போலிருக்கு என்பதுபோல்
சொன்னாள் அமிர்தவல்லி.

என் வாக்கியம் எங்கோ போய்விட்டது.
பையிலிருந்து நாடாவை எடுத்தேன்.
இடக்கையை நீட்டிக்கொண்டே கேட்டாள்:
"இதுல அவங்களுக்கு எத்தனை விநாடி கிடைக்கும்?"

கீழே உட்லண்ட்ஸ் வேன் ஒலியெழுப்பியது.
போய்விட்டாள்.

இரவுக்காரி வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
பச்சைக் கோட்டில் கண் வைத்துக்
கைப்பிடியைச் சுழற்றினாள்.
பதினொரு சுற்று.
எனக்கு எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை.