பாலாடைக்கட்டி என்று எழுதினார்

மைக்ரோபஸ்கள் ஹாரனில் சண்டை போடும் தெருவுக்கு மேலே,
இரண்டாம் மாடியில், நான்கு மேசை.
நான்காவதுக்கு ஒரு கால் குட்டை.
அதனால் அது எப்போதும் காலி,
அதனால் அது என்னுடையது.

மூன்று மணிக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
நீராவி வாசத்தோடு படி ஏறுவேன்.
கொய்ருல் கேட்பான்:
"நண்பரே, இன்று தாங்கள் எதனை உண்ண விழைகின்றீர்?"

கெய்ரோவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.
கெடிரியிலிருந்து அஸ்ஹருக்குப் படிக்க வந்தவன்,
ஏட்டில் கற்ற அரபி.
ஒவ்வொரு சொல்லின் வாலிலும்
வேற்றுமை உருபை மறக்காமல் முடிந்துவிடுவான்.
அவன் மாவு விலை விசாரித்து முடித்ததும்
ரொட்டிக்காரன் கண்ணை மூடி
"ஆமீன்" என்பான்.

எனக்குப் பிடித்தது டெம்பே.
சோயா மொச்சையை வேகவைத்து, தோல் நீக்கி,
ஊரிலிருந்து எவனோ காலுறைக்குள் சுருட்டி வந்த
பூஞ்சைப் பொடி ஒரு சிட்டிகை.
இரண்டு நாளில் வெள்ளை பூத்து
மொச்சையெல்லாம் ஒன்றையொன்று
விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும்.

ஜனவரியில் பூக்கவில்லை.
மூன்று தடவை கொட்டினான்.
"குளிர் இதனைக் கொன்றது" என்றான்,
மாமன் செத்த சேதி சொல்வதுபோல.
என் மேசைக்கடியில் வை என்று நான்தான் சொன்னேன்.
வக்கீல் வீட்டுச் சட்டைகளுக்குக் கீழே
பழைய போர்வைக்குள் பன்னிரண்டு பொட்டலம் தூங்கின.
"பஹ்கத், உன் கடையில் என்ன வாசம்?"
ஒரே ஒருத்திதான் கேட்டாள்.
என் வாசம்தான் என்றேன்.
அடுத்த வாரம் துணி கொண்டுவரவில்லை.

சுகாதாரத் துறை ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பொட்டலத்தைப் பிரித்தார், முகர்ந்தார்.
"என்னய்யா இது, பூசணம் பூத்துக் கெடக்கு?
கடைய மூடிரட்டுமா?"

கொய்ருல் கை கட்டி நின்றான்.
"ஐயா, இஃது அழுகலன்று.
இவ்வெண்மையே இதன் உயிர்."

பேனா பாதியில் நின்றது.
"இவன் எந்த நூற்றாண்டுலேருந்து வர்றான்?"
என்று என்னைக் கேட்டார்.
என் வாய் நிறைய டெம்பே.
தட்டை அவர் பக்கம் தள்ளப் போனேன்;
குட்டைக் கால் மேசை,
தட்டு தானாகவே போனது.

நான் தடுப்பதற்குள் சம்பலில் முக்கிவிட்டார்.
காது சிவந்தது. தொப்பியைக் கழற்றினார்.
தண்ணீர், மறுபடி தண்ணீர்,
வேறு யாரோ வைத்திருந்த தேநீர்.
பிறகு நிதானமாக இன்னொரு துண்டு,
சம்பல் பக்கம் திரும்பாமல்.
"எங்கம்மா பானையில வெச்ச பழைய பாலாடைக்கட்டில
புழுவே நெளியும்.
அதத் தின்னுதான் வளந்தேன்"
என்றார், சுவரைப் பார்த்து.

படிவத்தில் டெம்பேக்குக் கட்டம் இல்லை.
மீன் இருந்தது, இறைச்சி இருந்தது.
பாலாடைக்கட்டி என்று எழுதினார்.

"பொறுத்தருள்க, இதனுள் பால் இன்மையால்..."
என்று தொடங்கினான் அந்த உத்தமன்.
காலை மிதித்தேன்.

அந்தத் தாள் இன்னும் கல்லாவுக்கு மேலே இருக்கிறது,
எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடியாகி.

ஜூனில் அவனுக்குத் தேர்வு முடிவு வந்தது.
வாய்மொழித் தேர்வில் தோல்வி.
எல்லாம் நன்றாகத்தான் போனதாம்.
கடைசிக் கேள்விக்கு மட்டும்
வெள்ளைத் தாடிப் பேராசிரியரைப் பார்த்து
"விடுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றிருக்கிறான்.

அது என் சொல்.
கருகின சட்டையைத் திருப்பித் தரும்போது
நான் சொல்வது.

மறுநாள் படி ஏறக் கால் வரவில்லை.
மூன்றரைக்குத்தான் போனேன்.
துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தான்.
தலை நிமிராமல் கேட்டான்,
"இன்று தாங்கள் எதனை உண்ண விழைகின்றீர்?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கி
முப்பது வருடம் ஆகிறது.
"டெம்பேயினை" என்றேன்.