பதினான்காம் கேள்வி, ஆ பிரிவு

நாகர்கோவிலில் விடைத்தாள் திருத்தும் கூடம்.
மின்விசிறிக்குப் பயந்து
ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு செங்கல் துண்டு.
எனக்கு வந்தது அயர்லாந்து.

ஒரே பூசை கண்டவர்கள்
ஆயிரத்து அறுநூற்று நாற்பதுகளில்
ஏன் இரண்டாகப் பிரிந்தனர்? விளக்குக.
பத்து மதிப்பெண்.

விடைக்குறிப்பு மேசையில் கிடந்தது:
நிலம். உறுதிமொழி. அரசனோடு உடன்படிக்கை.
பழைய குடியேறிகளும் பூர்வகுடிகளும்.
ரோமையின் தூதர் போட்ட சபைவிலக்கு.
ஒன்றுக்கு இரண்டு வீதம்.
காலையிலிருந்து இருபத்தேழு பேர்
அதை அப்படியே கக்கியிருந்தார்கள்.

இருபத்தெட்டாவது,
பெயர் மறைத்த தாள்,
நீல ஜெல் பேனா, காற்றில் சாய்ந்த எழுத்து.
முதல் பக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது:
"ஆங்கிலேய வம்சத்தில் வந்து
கத்தோலிக்கராய் நின்றவர்களுக்கு
இழக்க இன்னும் வயல் இருந்தது.
வடக்கே எல்லாம் பறிகொடுத்தவர்களுக்கு இல்லை.
முன்னவர் அரசனின் சமாதானத்தில் கையெழுத்திட்டனர்.
கோயிலை எழுதித் தராத சமாதானம் எதற்கு
என்றனர் பின்னவர்.
தூதர் கையெழுத்திட்டவர்களை விலக்கினார்.
சில ஊர்களில் கோயில்கள் சாத்தப்பட்டன."

பக்கம் திருப்பினால் கடல்.

"சாத்திய கோயில் எப்படி இருக்கும்
என்பது எனக்குத் தெரியும்.
எங்கள் துறைக்கு அரசாங்கம்
தூண்டில் வளைவு தந்தது. ஒன்றே ஒன்று.
மேற்கே கல் போட்டால் கிழக்கே மண் போகும்.
மேற்குக்காரர்கள் ஆட்சியர் அலுவலகம் போய்
கையெழுத்திட்டு வந்தார்கள்.
அந்த ஆடியில் கிழக்கே
பதினோரு வீட்டைக் கடல் எடுத்தது.
திருவிழாவுக்கு இரண்டு கொடி வந்தது, ஒரே மரத்துக்கு.
ஜெபமாலை சுற்றிய கையிலும் கல் இருந்தது.
நான் பார்த்தேன்.
அதன்பின் கோயில் கதவில் இரண்டு பூட்டு,
மேற்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று.
அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம் பக்கத்து ஊரில்.
மாமாவின் பெட்டியைக் கதவுக்கு வெளியே
மணலில் வைத்துத்தான் மந்திரம் சொன்னோம்,
உள்ளே இருக்கும் அந்தோணியாருக்குக் கேட்கட்டும் என்று
கொஞ்சம் சத்தமாக.
ஆகவே அயர்லாந்தில் அவர்கள் பிரிந்தது
விசுவாசம் குறைந்ததால் அல்ல.
கல் ஒரு பக்கமாக விழுந்தது."

அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

என் வீடு திருவட்டாறு பக்கம்,
ரப்பர் பால் வாடையில் வளர்ந்தவள்.
கடல் எனக்கு
விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டும் ஒன்று.
விடைக்குறிப்பில் மறுபடி தேடினேன்.
கல் இல்லை.
எட்டரை போட்டேன். அடித்தேன்.
ஒன்பது போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன்.

பெல்லார்மின் சார், தலைமைத் தேர்வாளர்,
பத்துக்கு ஒன்றை உருவிப் பார்ப்பவர்,
இதைத்தான் உருவினார்.
"கத எழுதினவனுக்கு ஒம்பதா?"
சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார்.
இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.
டீயில் ஆடை படிந்தது.
வெளியே வடசேரிப் பேருந்து
ஆள் ஏற்றி, ஆள் ஏற்றி, போகாமல் நின்றது.

"பய மேற்கா, கெழக்கா?"

"எழுதல்ல சார்."

"கடேசி வரைக்கும்?"

"கடேசி வரைக்கும்."

கண்ணாடியைக் கழற்றினார்.
சட்டை நுனியில் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.
பதினைந்து வருடமாக இந்தக் கூடத்தில்
அவரிடம் நான் கேட்டிராத ஒரு குரலில்,
கரையின் குரலில், சொன்னார்:

"ரெண்டு பூட்டு இல்ல டீச்சர். மூணு.
நடுவுல உள்ளது தாசில்தார் போட்டது.
அரக்கு முத்திரையோட.
அத விட்டுட்டான்."

அரை மார்க் குறைத்தார்,
பச்சை மையில்.