பொத்தானின் பொருக்கு

வாலடியில் முதலில் ஒன்று,
பருப்பளவு.
நகத்தால் நெம்பினால் முடியோடு பெயர்ந்து வரும்,
அடியில் ஈரச் சிவப்பு.

உச்சிப்புளி டாக்டர் ஊசி போட்டார்,
கந்தக சோப்பு எழுதினார்.
பத்து நாள் ஆறும்.
பதினோராம் நாள் காதோரம் கிளம்பும்.
கடல்தண்ணியில் முக்கு என்றாள் எதிர்வீட்டு ஜஸிந்தா.
முக்கினேன். கடித்தான்.

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் மண்டபத்தில் கட்டிக் கிடக்க
ரேஷன் அரிசியும் ரசமுமாய் அறுபத்தொரு நாள்.
என் தோடு அடகுக்குப் போன மாதத்தில்தான்
பொத்தான் முதுகில்
புதுமுடி ஏறியிருக்கிறது.
யார் பார்த்தது?

ஆனியில் ரெக்ஸன் முதல் பாடு கொண்டுவந்தான்.
வீடெல்லாம் காரல் குழம்பு வாசம்.
தலையும் முள்ளும் பொத்தானுக்கு.
நாலாம் நாள் ராத்திரி
கட்டிலுக்கடியில்
டக் டக் டக் என்று
பின்னங்கால் தரையில் இடிபடச் சொறிகிறான்.
எழுந்து உட்கார்ந்தேன்.
மீன் ஆகாத நாய்,
வந்து சேர்ந்த இடத்தைப் பார்.

இப்போது அவனுக்கு
முட்டையும் சோறும் தனித்தட்டில்.
ஆனாலும் ரெக்ஸன் கரையேறி வந்தால்
ஓடிப்போய்
செதில் ஒட்டிய கையைத்தான் நக்குகிறான்.
கழுவிட்டுத் தொடு என்கிறேன்.
சோப்பு எங்கே என்கிறான் ரெக்ஸன்.

நாய் சோப்புதான் இருக்கிறது.